சிறுநீரகமும் செவிலியும்

புதுக்கோட்டைச் சீமையில் மழை கண்டு உழவு தொடங்கும் நாட்களில், பெரியோர் இளைஞர்க்குத் தவறாது சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. வரப்பில் நடக்கும்போது காலடியைப் பார்த்து வை என்பதே அது. கண்மாய்க் கரையிலும் வைக்கோற்போரின் அடியிலும் கடலைக் கொல்லையிலும் கண்ணாடி விரியன் சுருண்டு கிடக்கும். அதன் கடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வர். நஞ்சுமுறி மருந்து ஏற்றப்படும். பல்லீறில் கசிந்த குருதி நிற்கும். வீக்கமும் வடியத் தொடங்கும். பிழைத்துக்கொண்டார் என்று சுற்றத்தார் மூச்சு விடுவர். ஆனால் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நோயாளி சிறுநீர் கழித்து நெடுநேரம் ஆயிற்று என்பதை எவரேனும் கவனிக்க வேண்டும். கவனிப்பார் இல்லையேல், நஞ்சினின்று தப்பியவர் நீரடைப்பினால் மாள்வார்.

அவ்வாறு கவனித்தவர்கள் யார் என்பதே இன்றைய பேச்சின் பொருள். சிறுநீரக நோயின் வரலாறு பெரும்பாலும் அரிய பொறிகளைக் கண்டவர்களின் வரலாறாகவும், அறுவை மருத்துவர்களின் வரலாறாகவும் எழுதப்பட்டுள்ளது. அது தவறன்று, ஆனால் பாதிக் கதைதான். மற்றப் பாதி, படுக்கையின் அருகே அளவுக் குவளையும் குறிப்பேடும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர்களுடையது. 'செவிலி' என்னும் சொல்லையே பாருங்கள். பழந்தமிழ் அகப்பாடல்களில் தலைவியைப் பெற்ற நற்றாய் ஒருத்தி. வளர்த்துக் கண்காணிக்கும் செவிலித்தாய் வேறொருத்தி. மகளின் முகத்தில் தோன்றும் சிறு வேறுபாட்டை முதலில் காண்பவள் செவிலியே. 'நர்ஸ்' என்பதற்கு இச்சொல்லைத் தேர்ந்தவர்கள் நன்றாகவே தேர்ந்தார்கள்.

சிறுநீரகங்கள் இரண்டும் முதுகெலும்பின் இருபுறமும் அவரை விதை வடிவில் அமைந்தவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம் எடையே உள்ளது. ஆயினும் இதயம் வெளியேற்றும் குருதியில் ஐந்தில் ஒரு பங்கு அவற்றின் வழியே ஓடுகிறது. ஒவ்வொன்றிலும் உள்ள பத்து இலட்சம் அளவிலான நுண்வடிப்பான்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. அதில் ஒன்றரை லிட்டரளவு மட்டுமே சிறுநீராக வெளியேற, எஞ்சியது முழுதும் குருதிக்கே திரும்புகிறது. யூரியா போன்ற கழிவுகளை நீக்குவதோடு, உடலின் உப்பு, நீர், அமிலம், பொட்டாசியம் ஆகியவற்றைச் சமன் செய்து வைப்பதும் இவற்றின் பொறுப்பே. பொட்டாசியம் அளவு மீறினால் இதயம் நின்றுவிடும். நீர் மிகுந்தால் நுரையீரலில் தேங்கி மூச்சுத் திணறும். சிறுநீரகம் நின்றவர் இறப்பது பெரும்பாலும் இவ்விரண்டினாலேயே.

சிறுநீரைப் பார்த்து நோயறியும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. சித்த மருத்துவர்கள் நீர்க்குறி, நெய்க்குறி என்று இரு சோதனைகளை வைத்திருந்தனர். நிறம், மணம், நுரை, எடை, எஞ்சல் என ஐந்தையும் நோக்குவது நீர்க்குறி. அவர்கள் கூறிய காரணங்களை இன்றைய அறிவியல் அப்படியே ஏற்பதில்லை. எனினும் நுரையை நோக்க வேண்டும் என்று வைத்தது கூர்ந்த பார்வைதான். நீங்காத நுரை, புரதம் ஒழுகுவதன் அடையாளமாகலாம் என்பதை இன்றைய மருத்துவமும் கூறும்.

இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்டு பிரைட் என்பவர், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைச் சிறு கரண்டியில் ஏந்தி, மெழுகுவத்திச் சுடரில் காட்டினார். முட்டையின் வெண்கரு போல் அது உறைந்தது. இறந்தபின் அத்தகையோரின் சிறுநீரகங்களும் கெட்டிருக்கக் கண்டு, இரண்டையும் இணைத்து 1827-இல் எழுதி வெளியிட்டார். 1842-இல் சிறுநீரக நோயாளிகளுக்கென்றே 42 படுக்கைகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. நோயை அறிய முடிந்தது, தீர்க்க முடியவில்லை. அந்நிலை நூறாண்டு நீடித்தது.

இரண்டாம் உலகப் போர் அந்நிலையைக் குலைத்தது. இலண்டன்மீது குண்டுகள் விழுந்த நாட்களில், இடிபாடுகளுக்குள் கை கால் நசுங்கிக் கிடந்தோர் மீட்கப்பட்டனர். முதல்நாள் நன்றாகவே பேசினர். பிறகு சிறுநீர் குறைந்தது. ஒரு வாரத்திற்குள் பலர் இறந்தனர். பைவாட்டர்ஸ் என்னும் மருத்துவர் 1941-இல் இதை விரிவாக எழுதினார். நசுங்கிய தசையிலிருந்து கசிந்த பொருள் சிறுநீரகத்தைத் தாக்கியது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நம் ஊர் விரியன் கடியும் இலண்டன் இடிபாடும் எங்கோ எட்டாத் தொலைவில் இருப்பன போல் தோன்றும். ஆனால் பிழைத்தார் என்று எண்ணியவர் மூன்றாம் நாள் சாயும் கதை ஒன்றேதான். இன்னொன்றும் அப்போது புலனாயிற்று. எவ்வாறேனும் இரண்டு மூன்று வாரம் உயிரோடு வைத்திருந்தால், இத்தகைய நோயாளிகள் பலரின் சிறுநீரகம் தானே விழித்தெழுகிறது! திடீர்ச் செயலிழப்புக்கும் நாட்பட்ட செயலிழப்புக்கும் உள்ள பெரும் வேற்றுமை இதுவே. முன்னது உறக்கம் என்றால் பின்னது தேய்வு.

அந்த இரண்டு மூன்று வாரங்களை எவ்வாறு பெறுவது? ஹாலந்து நாட்டு இளம் மருத்துவர் வில்லெம் கோல்ஃப், 1938-இல் க்ரோனிங்கன் நகர மருத்துவமனையில் தம் பொறுப்பிலிருந்த 22 வயது இளைஞன் சிறுநீரகம் கெட்டு, கண் மங்கி, வாந்தியெடுத்து இறந்ததைக் கண்டார். உழவர் குடும்பத்துத் தாயிடம், உன் ஒரே மகன் பிழையான் என்று அவரே சொல்ல வேண்டியதாயிற்று. அன்றாடம் சேரும் யூரியாவை மட்டும் நீக்க முடிந்திருந்தால் அவன் பிழைத்திருப்பானே என்ற எண்ணம் அவரை விடவில்லை. நுண்துளைச் சவ்வின் வழியே சிறு மூலக்கூறுகள் ஊடுருவிச் செல்லும் என்பதைத் தாமஸ் கிரகாம் என்னும் வேதியியலார் 1861-இலேயே காட்டி, 'டயாலிசிஸ்' எனப் பெயரும் இட்டிருந்தார். பின்னர் நாஜிப் படைகளின் பிடியிலிருந்த காம்பென் என்னும் சிற்றூரில், கொத்திறைச்சி அடைக்கும் செல்லோபேன் குழாயை மரச்சட்ட உருளையில் சுற்றி, உப்புநீர் நிரம்பிய எனாமல் தொட்டியில் உருட்டினார் கோல்ஃப். தொட்டியைச் செய்து தர உதவியவர் அவ்வூர் எனாமல் தொழிற்சாலையைச் சேர்ந்த பெர்க்.

1943-இல் தொடங்கிய சோதனையில் நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். 1945 செப்டம்பரில், பதினேழாவது நோயாளியான 67 வயது மூதாட்டி மயக்கம் தெளிந்து கண் விழித்தார். அவர் நாஜிகளுக்கு ஆதரவாயிருந்த குற்றத்துக்காகக் காவலில் வைக்கப்பட்டிருந்தவர். ஊரார் பலர் அவரைப் பிழைக்க வைப்பதை விரும்பியிரார். மருத்துவமனை அந்த வழக்கைக் கேட்கவில்லை.

இக்கதையில் பலரும் கவனியாது விடும் செய்தி ஒன்று. அந்தப் பொறியைப் பற்றி 1944-இல் வெளிவந்த கட்டுரையில் கோல்ஃப் தம் பெயரோடு பெர்க்கின் பெயரையும் சேர்த்தார். அடுத்து நின்ற பெயர் டெர் வெல்லே என்னும் செவிலியுடையது. மணிக்கணக்காக உருளை சுழலும்போது குழாய் கிழிகிறதா, குருதி உறைகிறதா, நாடி எவ்வாறு உள்ளது என்று பார்த்திருந்தோர் இன்றி அந்தப் பொறி ஓடியிராது என்பதைக் கோல்ஃப் அறிந்திருந்தார். கொரியப் போரில் 1952 முதல் களத்திற்கு அண்மையிலேயே செயற்கைச் சிறுநீரகம் வைக்கப்பட்டது. காயம்பட்டுச் சிறுநீரகம் நின்ற வீரர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் இறந்த நிலை மாறி, ஏறக்குறையப் பாதியாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர்க்குப் பயிற்சி அளிக்கும் திட்டம் 1871-இல் தொடங்கிற்று. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளியை ஏற்படுத்தினார். சென்னை மாகாணத்தில் செவிலியரைப் பதிவு செய்யும் சட்டம் 1926-இல் வந்தது. 1946-இல் வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பும் தொடங்கியது. இவ்வாண்டுகளை வாசிப்பது எளிது. அக்காலத்துப் பெண்கள் கடந்த தடையை உணர்வது அரிது. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலெட்சுமி, மன்னர் கல்லூரியில் ஆண்களிடையே ஒரே மாணவியாகச் சேர்வதற்கே எதிர்ப்பைத் தாண்ட வேண்டியிருந்தது. 1912-இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். மருத்துவராக வந்த பெண்ணுக்கே இந்நிலை என்றால், அயலார் உடலைத் தொட்டுத் துடைத்து, கழிவை அளக்கும் பணிக்கு எத்தனை குடும்பங்கள் தம் மகளை அனுப்பியிருக்கும்? அனுப்பியவர்களையும் சென்றவர்களையும் நாம் போதிய அளவு நினைப்பதில்லை என்பதே என் எண்ணம்.

தமிழ்நாட்டில் டயாலிசிஸ் 1960-களின் தொடக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கிற்று. புதுக்கோட்டைக்கு அண்மையில் மதுரையிலும் தஞ்சையிலும் 1950-களிலேயே மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. ஆயினும் பொறி இல்லாத மருத்துவமனைகளே அன்று மிகுதி. அங்கே வயிற்றறையின் மென்சவ்வையே வடிகட்டியாகக் கொள்ளும் முறை கைகொடுத்தது. வயிற்றில் சிறு குழாயைச் செலுத்தி, போத்தலில் தொங்கும் நீரை உள்ளே விட்டு, சிறிது நேரம் தேக்கி, பின் வடிப்பர். இரவும் பகலும் நாற்பது ஐம்பது முறை இது நடக்கும். எவ்வளவு உள்ளே சென்றது, எவ்வளவு வெளியே வந்தது என்று ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். இரண்டு லிட்டர் விட்டு ஒன்றரை லிட்டரே வந்தால் எஞ்சியது உடலிலேயே நிற்கிறது. கணக்குத் தவறினால் மூச்சுத் திணறலாக அது வெளிப்படும். இக்கணக்கை எழுதியது செவிலியின் கை.

மாணவ நண்பர்களே, திடீர்ச் செயலிழப்பில் செவிலி செய்வது என்ன என்று சற்று விரிவாகவே பார்ப்போம். இதில்தான் இந்நோயின் இயல்பு முழுவதும் அடங்கியுள்ளது. விரியன் கடித்து வந்தவரின் குருதியில் சிறிது எடுத்து, தூய உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இட்டு, 20 நிமிடம் அசைக்காது வைத்துச் சாய்த்துப் பார்ப்பர். உறையாது ஓடினால் நஞ்சு வேலை செய்கிறது, நஞ்சுமுறி தேவை. கடிகாரமும் கண்ணாடிக் குழாயுமே இதற்குக் கருவி. அடுத்து, சிறுநீர் அளவு. நாளுக்கு 400 மில்லிலிட்டருக்குக் குறைந்தால் ஆபத்து நெருங்கிவிட்டது. ஒவ்வொரு காலையும் ஒரே நேரத்தில், ஒரே தராசில் எடை பார்க்க வேண்டும். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால், அது உண்டு கொழுத்ததன்று. ஒரு லிட்டர் நீர் தேங்கியது. உடலில் நீர் வற்றியிருந்தால் முதலில் அதை ஈடு செய்வர். அதன்பின்னும் சிறுநீர் வாராதாயின், முந்தியநாள் வெளியேறிய அளவோடு 500 மில்லிலிட்டர் அளவே சேர்த்துப் பருகக் கொடுப்பர். காய்ச்சலோ கோடை வெயிலோ மிகுந்தால் மருத்துவர் சிறிது கூட்டுவார். நாவறண்டு தண்ணீர் தண்ணீர் என்று கெஞ்சுபவருக்கு வாயைத் துடைத்து, உதட்டை ஈரமாக்கி, அளந்த மிடற்றை நாள் முழுதும் பகிர்ந்தளிப்பது எளிதான செயலன்று.

இங்கே நம் ஊர்ப் பண்பாடே இடையூறாக வரும். நோயாளியைக் காண வருபவர் வெறுங்கையோடு வாரார். இளநீரைச் சீவிக் கொண்டு வருவர். வாழைப்பழமும் சாத்துக்குடியும் தருவர். சிறுநீரடைத்தவருக்கு இளநீர்தான் சிறந்த மருந்து என்ற நம்பிக்கை வேறு! நலமுள்ளவருக்கு இளநீரினும் இனியது இல்லை. சிறுநீரகம் நின்றவருக்கோ, அதில் நிறைந்துள்ள பொட்டாசியம் இதயத்தை நிறுத்தக்கூடும். அன்போடு வந்த அத்தையிடம், "அம்மா, இது இப்போது வேண்டாம், தேறியபின் தாருங்கள்" என்று மனம் நோகாமல் சொல்லி வாங்கி வைப்பதும் செவிலியின் கல்வியே.

பின்னர் ஒருநாள் சிறுநீர் பெருகத் தொடங்கும். சுற்றத்தார் மகிழ்வர். ஆனால் விழித்தெழுந்த சிறுநீரகம் நீரையும் உப்பையும் அளவின்றிக் கொட்டும். நேற்று நீரை மறுத்த செவிலி இன்று நீரைப் பருகச் சொல்ல வேண்டும். இந்த மாற்றம் கணக்கேட்டில்தான் முதலில் தெரியும்.

நாட்பட்ட செயலிழப்பு வேறு வகையானது. நீரிழிவு, மிகுந்த இரத்த அழுத்தம், சிறுநீரக அழற்சி, கல்லடைப்பு எனக் காரணங்கள் பல. வடிப்பான்களில் பெரும்பகுதி அழிந்த பின்னரே களைப்பும் சோகையும் கணுக்கால் வீக்கமும் தலைகாட்டும். 1960 வரை இவர்களுக்கு டயாலிசிஸ் பயன்படவில்லை. ஒவ்வொரு முறையும் குருதிக் குழாயைக் கீறிப் பாழாக்க வேண்டியிருந்ததே காரணம். அமெரிக்காவில் சியாட்டில் நகரின் ஸ்கிரிப்னர், டெஃப்லான் குழாயைக் கையில் நிலையாகப் பொருத்தும் வழியை 1960-இல் கண்டார். முதல் நோயாளியான கிளைடு ஷீல்ட்ஸ் பதினோராண்டு வாழ்ந்தார். வாரந்தோறும் திரும்பத் திரும்ப நடக்கும் சிகிச்சையாக அது மாறியதும், பொறியை நடத்தும் பொறுப்பு மருத்துவர் கையிலிருந்து செவிலியர் கைக்கு மாறிற்று. 1966-இல் நியூயார்க்கில் சிமினோவும் பிரேசியாவும் மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைக்கும் முறையை வெளியிட்டனர். அந்தக் கையில் விரல் வைத்தால் வண்டின் ரீங்காரம் போன்ற அதிர்வு தெரியும். அதிர்வு நின்றால் உயிர்வழி அடைபட்டது. ஆதலால் அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்ப்பதோ ஊசி குத்துவதோ கூடாது.

1971-இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று வேலூரில் நிகழ்ந்தது. அதன்பின் நம்பிக்கை வளர்ந்தது. ஒரு வெட்கக்கேடும் வளர்ந்தது. வறியோரின் சிறுநீரகம் விலைப்பொருளாகி, சென்னை வில்லிவாக்கத்துக்கே இழிபெயர் சூட்டப்பட்டது. 1994-ஆம் ஆண்டின் சட்டம் அவ்வாணிகத்தைத் தடை செய்தது. குடும்பத்துக்குள்ளே உவந்து கொடுப்பவர்களிலும் தாய்மாரும் மனைவியருமே பெரும்பாலர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிறுநீரகம் கெட்டபின் காப்பதை விடக் கெடாமல் காப்பது மேல் என்று எண்ணிய சென்னை மருத்துவர் எம். கே. மணியும் அவர்தம் சிறுநீரக உதவி அறக்கட்டளையினரும், சென்ற நூற்றாண்டின் இறுதியில் சென்னைக்கு அருகேயுள்ள கிராமங்களில் ஓர் எளிய முயற்சி செய்தனர். அவ்வூர்களின் படித்த இளம்பெண்களுக்குப் பயிற்சி தந்தனர். அவர்கள் வீடுவீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்த்தனர். சிறுநீரில் புரதத்தையும் சர்க்கரையையும் மலிவான கரைசல்களால் சோதித்தனர். நோய் கண்டவர்க்கு விலை குறைந்த பழைய மருந்துகளே தரப்பட்டன. பிரைட்டின் கரண்டியும் மெழுகுவத்தியும் நம் கிராமத்துத் திண்ணைக்கு வந்த கதை என்று இதைக் கூறலாம். வெயிலில் நாள் முழுதும் உழைப்போர், நீரிழிவும் இரத்த அழுத்தமும் இன்றியே சிறுநீரகம் கெடுவதை இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் தமிழ்நாட்டு வயல்களிலும் மருத்துவர்கள் ஆராய்ந்து வருகின்றனர். உடல்வலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரையும் சிலருக்குத் தீங்காவது தெரிந்ததே.

புதுக்கோட்டையில் 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டிலேயே வயிற்றறை வழி டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்கு அதற்கான நீர்ப்பைகளை வழங்குவதும் ஓர் அங்கமாக அமைந்தது. பேருந்துச் செலவுக்கு வழியின்றி வாரம் இருமுறைச் சிகிச்சையைக் கைவிட்டவர்களை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். இம்முறையில் நாளுக்கு நான்கு தடவை இரண்டு லிட்டர் நீரை வயிற்றில் விட்டு வடிக்க வேண்டும். கை கழுவுவது முதல் குழாய் மூடுவது வரை செவிலி வந்து நோயாளிக்கும் அவர் மனைவிக்கும் கற்பிப்பார். வடிந்த நீர்ப்பையைச் செய்தித்தாளின்மேல் வைத்துப் பார்க்கவும் சொல்லித் தருவார். அடியிலுள்ள அச்செழுத்துத் தெளிவாகத் தெரிந்தால் அளவைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுக் கொட்டலாம். எழுத்து மங்கினால் உள்ளே கிருமி புகுந்துள்ளது. அப்பொழுதே அந்தப் பையோடு மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.